பென்சிலில் நாய் முடி ஏன் துடைப்பம் மாதிரி வருகிறது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வீட்டில் ஒரு வெள்ளைப் பொமரேனியன். செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்து ஏ4 தாளில் அதன் முகத்தை வரைகிறார். கண்ணும் மூக்கும் உயிரோடு வந்துவிடுகின்றன, முடி மட்டும் தென்னந்துடைப்பத்தைச் செருகி வைத்த மாதிரி நிற்கிறது. 2எச் முதல் 10பி வரை உள்ள பென்சில் செட் வாங்கியாயிற்று. இன்னும் எந்தப் பென்சில் வாங்க வேண்டும், வெள்ளை முடியைக் கறுப்புப் பென்சிலால் எப்படிக் காட்டுவது, மழைக்காலத்தில் தாள் நமத்துப்போய்க் கோடு திட்டுத்திட்டாக விழுகிறதே அதற்கு என்ன வழி என்று மூன்று கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் ஒரு வரிதான்: எந்தப் பென்சிலும் வாங்க வேண்டாம், இருப்பதில் பாதியை எடுத்து உள்ளே வையுங்கள். உண்மையில் அவர் கேட்பது வேறு. 'ஒவ்வொரு முடியாகப் பார்த்துப் பார்த்து வரைந்தும் அது ஏன் முடியாகத் தெரியவில்லை?' ஒவ்வொரு முடியாக வரைவதால்தான் தெரியவில்லை. விலங்குப் படம் வரைந்தும் சொல்லிக்கொடுத்தும் பல வருடப் பழக்கம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவருடைய படத்தை நான் பார்க்கவில்லை. சொன்ன குறையை வைத்துத்தான் பேசுகிறேன்.

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். பொமரேனியனுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான, விறைப்பான முடி. அடியில் பஞ்சு மாதிரி நெருக்கமான குட்டை முடி. அடிமுடி மேல்முடியைவிட மெல்லியது. முகத்தைப் பாதி அளவுக்குக் குறைத்து வரைகிறோம் என்றால் முடியின் தடிமனும் பாதியாகக் குறைய வேண்டும். நம் கையில் இருப்பதோ, ஊசி மாதிரி சீவினாலும் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கோடு போடும் பென்சில். ஆக, ஒரு முடி என்று நினைத்து நீங்கள் இழுக்கும் கோட்டின் அகலத்தில் நான்கைந்து முடி படுத்துக் கிடக்கும். எல்லா முடியையும் வரைவதற்குப் பொறுமை போதவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். அது நடக்கிற காரியமே இல்லை. மீறி முயன்றால் முடி கம்பியாகிவிடுகிறது.

பாகூர் பக்கமோ குறிஞ்சிப்பாடி பக்கமோ கதிர் வாங்கிய வயலில் காற்றடிக்கும்போது நின்று பாருங்கள். ஒரு பயிர்கூடத் தனியாகத் தெரியாது. சாய்ந்த இடம் வெளுத்தும் நிமிர்ந்த இடம் கறுத்தும் அலை அலையாகப் போகும். வரப்போரத்தில் மட்டும் பத்து இருபது கதிர் தனித்தனியாகத் தெரியும். அந்தப் பத்தைப் பார்த்துவிட்டு முழு வயலும் நெல் என்று கண் ஒப்புக்கொள்கிறது. விலங்கு முடியும் இப்படித்தான். பெரும்பகுதி வெளிச்சமும் நிழலும், கொஞ்சம் இடத்தில் கற்றை, மிகக் கொஞ்சம் இடத்தில் தனி முடி. 1502-இல் ஆல்பிரெக்ட் டியூரர் தீட்டிய முயலைச் செல்போனில் பெரிதாக்கிப் பாருங்கள். அது பென்சில் வேலை இல்லை, நீர்வண்ணம். ஆனால் பாடம் ஒன்றே: அடியில் உடம்பின் உருட்சியைச் சொல்லும் பூச்சு, அதன்மேல் முடிக்கோடுகள், இடத்துக்கு இடம் நீளமும் திசையும் வேறு. இதைப் பென்சிலுக்கு மாற்றிச் சொன்னால், முடியை வரையாதீர்கள், கற்றைகளுக்கு நடுவில் இருக்கும் இருட்டை வரையுங்கள். முடியைத் தாள் கொடுத்துவிடும்.

துடைப்பம் மாதிரி வருவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இவைதான். கோடுகள் நாற்று நட்ட மாதிரி சம இடைவெளியில் விழுகின்றன. எல்லாம் ஒரே நீளம். கோட்டின் அடியும் நுனியும் ஒரே கனம். அதாவது பென்சில் தாளில் அழுந்தி நின்று, அழுந்தியபடியே நகர்ந்து, அழுந்தியபடியே நின்றுவிடுகிறது. முடியின் நுனி மெலிய வேண்டும் என்றால் கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே பென்சில் தாளை விட்டு மேலே எழும்ப வேண்டும், விமானம் ஓடுபாதையை விட்டுக் கிளம்புகிற மாதிரி. நான்காவது காரணம் உருவத்தைச் சுற்றிப் போட்ட எல்லைக்கோடு. அந்தக் கோடு இருக்கும்வரை உள்ளே என்ன வரைந்தாலும் அது பொம்மைக்குள் அடைத்த நார்தான். ஐந்தாவது, அதிகம் பேர் கவனிக்காதது: முடிக்கு முன்னால் தலை என்ற உருண்டை வரையப்படவே இல்லை. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் வலக் கன்னத்து முடி அத்தனையும், வெள்ளை முடி உட்பட, ஒட்டுமொத்தமாக ஒரு படி மங்க வேண்டும். அது மங்காவிட்டால் ஒவ்வொரு கற்றையும் அற்புதமாக இருந்தாலும் முகம் தட்டை.

எனவே முதல் வேலை திசைப்படம். மாடு வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். அதிர்ஷ்டம் அவரவர் நம்பிக்கை. ஆனால் வரைகிறவருக்குச் சுழி பார்க்கத் தெரிந்தே ஆக வேண்டும். முடி எங்கிருந்து கிளம்பி எந்தப் பக்கம் படுக்கிறது என்பது அங்கேதான் தெரியும். நாய் முகத்தில் முடி மூக்கின் கறுப்புத்தோல் முடியும் இடத்திலிருந்து கிளம்பி, மூக்குத்தண்டு வழியாக மேல்நோக்கி நெற்றிக்குப் போகிறது. பலர் இதைத் தலைகீழாக, நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்குவதாகப் போட்டுவிடுகிறார்கள். பார்த்ததும் ஏதோ தப்பு என்று தோன்றும், எது தப்பு என்று பிடிபடாது. கண்ணைச் சுற்றி வெளிப்பக்கமாக விரிகிறது. கன்னத்தில் பின்நோக்கிப் போய்க் கழுத்துப் பிடரியோடு கலக்கிறது. நெஞ்சில் இரண்டு பக்க முடியும் சந்திக்கும் இடத்தில் சுழியோ வகிடோ இருக்கும். காலில் கீழ்நோக்கி. புள்ளி வைத்த பிறகுதானே கோலத்தில் கம்பி இழுக்கிறோம்? அதுபோல, படத்தின் மீது மெல்லிய டிரேசிங் தாளை வைத்து முகம் முழுக்கச் சின்னச் சின்ன அம்புக்குறியாகத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே நீளத்தையும். மூக்குத்தண்டில் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், நெற்றியில் கொஞ்சம் கூடும், பிடரியில் விரல் நீளத்துக்குப் போய்விடும். இந்த நீள வித்தியாசத்தைச் சரியாகக் காட்டினாலே பொமரேனியன் பொமரேனியனாகத் தெரியும். பொமரேனியனில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடிமுடி தாங்குவதால் மேல்முடி படுக்காமல் உடம்பை விட்டு விறைத்து நிற்கும். நெஞ்சுப் பகுதியில் அது நம்மை நோக்கியே நீள்கிறது. நம்மைப் பார்த்து நீளும் முடிக்கு நீளம் தெரியாது, நுனிதான் தெரியும். அங்கே நீளக் கோடு போட்டால் தப்பு. குட்டைக் குட்டையான 'வி' வடிவக் கொத்துகளும் அவற்றின் இடுக்கில் இருட்டும் போதும். நீளம் முழுசாகத் தெரிவது ஓரங்களில் மட்டும்.

பென்சிலுக்கு வருவோம். கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுடுவதுதான் 1795-இல் கோந்தே என்பவர் பிரான்சில் காப்புரிமை வாங்கிய முறை. இன்றைக்கும் அடிப்படை அதுதான். களிமண் கூடினால் கெட்டி, அது எச் வரிசை. குறைந்தால் மிருது, கறுப்பு, அது பி வரிசை. முடிக்கு 2எச், எச்.பி., 2பி, 4பி நான்கும் போதும். 8பி, 10பி எல்லாம் கூர் நிற்காது, இரண்டு கோட்டில் மழுங்கிவிடும், முடிக்கு ஆகாது. மூக்குத் துளை, திறந்த வாயின் உட்புறம் போன்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்சரா, நடராஜ், கேம்லின், ஸ்டெட்லர் எதுவானாலும் சரி. ஒரே பெயரில் உள்ள எண்ணை ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஒப்பிடாதீர்கள், ஒன்றின் 2பி இன்னொன்றின் 4பி மாதிரி இருக்கும். கலந்து வைத்திருந்தால் ஒரு துண்டுத் தாளில் கட்டம் கட்டமாக அடித்து, கறுப்பு எந்த வரிசையில் ஏறுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பென்சிலைவிட முக்கியம் சீவுவது. ஷார்ப்னர் கொடுக்கும் கூர் கட்டையானது. கட்டர் பிளேடால் மரத்தைச் செதுக்கி, முனையை 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெளியே எடுத்து, நைசான உப்புத்தாளில் உருட்டித் தேயுங்கள். பென்சிலைப் படுத்தவாக்கில் பிடித்து, நாலைந்து கோட்டுக்கு ஒருமுறை விரலுக்குள் லேசாகச் சுழற்றினால் கூர் தன்னால் புதுப்பித்துக்கொள்ளும். 0.5 மெக்கானிக்கல் பென்சிலும் நன்றாகவே உதவும். ஆனால் அதன் கம்பி உருளை. புதிதாக நேராக வைத்தால் அரை மில்லிமீட்டர் கோடுதான் வரும். ஒரு பக்கமாகத் தேய்த்து உளி மாதிரி சரிவாக்கிக்கொண்டு, அந்தச் சரிவின் விளிம்பால் இழுக்க வேண்டும்.

இப்போது ஒரே ஒரு கன்னக்கற்றையை முழுதாகப் பார்ப்போம். முகத்தில் கை வைப்பதற்கு முன், அதே தாளின் துண்டில் 5 செ.மீ. சதுரம் போட்டு இதைப் பழகுங்கள். 2எச்சை எடுத்து, திசைப்படத்தில் குறித்த திசையில், வேரிலிருந்து நுனிக்கு, தாளைத் தொட்டும் தொடாமலும் சதுரம் முழுக்க ஒரு மெல்லிய சாம்பல் அடுக்கு போடுங்கள். கோடுகள் அடர்ந்து ஒன்றின் மேல் ஒன்று விழலாம், தனியாகத் தெரிய வேண்டியதில்லை. வெளிச்சம் அதிகம் விழும் இடத்தைத் தொடாமல் விடுங்கள். இப்போது கண்ணைச் சுருக்கிப் புகைப்படத்தைப் பாருங்கள். கற்றைகள் பிரியும் இடத்தில் கொடுக்காப்புளி விதை அளவில், தலைகீழ் 'வி' மாதிரி இருட்டுப் பள்ளங்கள் தெரியும். எச்.பி.யால் அவற்றின் இடத்தை மட்டும் லேசாகக் குறியுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தூரம் மாறி மாறி இருக்கட்டும்: இரண்டு நெருக்கமாக, ஒன்று தள்ளி. பிறகு 2பி. பள்ளத்தின் அடியில், அதாவது மேல்கற்றை கீழ்கற்றை மீது நிழல் விழுத்தும் இடத்தில், பென்சிலை வைத்து அழுத்தி, கீழ்க்கற்றையின் முடி போகும் திசையில் இழுத்து எழுப்புங்கள். முதல் கோடு 4 மில்லிமீட்டர், அடுத்தது 7, அடுத்தது 3. அடி எல்லாம் ஒரே வரியில் தொடங்கக் கூடாது. அடுத்து அதே பள்ளத்திலிருந்து எதிர்ப்பக்கமாக, மேல்கற்றையின் நுனிகளுக்கு நடுவே சில குட்டைக் கோடுகளைச் செருகுங்கள். இந்த இரண்டாவது வேலைதான் மாயம் செய்யும். கறுப்பு உள்ளே நுழைய நுழைய, நீங்கள் வரையாத வெள்ளை நுனிகள் தாமாக முன்னால் வந்து நிற்கும். மிக ஆழமான பத்தில் ஒரு பள்ளத்துக்கு மட்டும் 4பி தொடுங்கள்.

கோடு முழு நேராகவும் வேண்டாம், அரைவட்டமாகவும் வேண்டாம். அரிவாள்முனை மாதிரி மிகக் கொஞ்சம் வளைவு. ஒரு கற்றைக்குள் இருக்கும் கோடுகள் நுனியில் ஒன்றையொன்று நெருங்க வேண்டும், குளித்துவிட்டு வந்த தலைமுடி திரிதிரியாகச் சேர்வது போல. இடையிடையே திசை தப்பிய ஒரு முடி பக்கத்துக் கற்றையைக் குறுக்கே வெட்டிப் போகலாம். உள்ளங்கை அளவு இடத்துக்கு நாலைந்து போதும், கூடினால் கலைந்த தலையாகிவிடும். உங்கள் கை எந்தப் பக்கம் இழுத்தால் இயல்பாக வளைகிறதோ அந்தப் பக்கத்துக்குத் தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். தாள் நேராக இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, முகத்தின் நிழல் பக்கம் முழுக்க எச்.பி.யால் ஒரு மெல்லிய அடுக்கைக் கற்றைகளின் மேலேயே ஏற்றுங்கள். போட்ட முடி போய்விடுமோ என்று பயப்பட்டு இதை விட்டுவிடுகிறார்கள். போகாது. மாறாக, தனித்தனியாகக் கிடந்த கற்றைகளை ஒரு கன்னமாகக் கட்டுவது இந்த அடுக்குதான்.

வரிசையை மாற்றாதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தாளின் மேற்பரப்பில் மேடு பள்ளம் உண்டு. கெட்டிப் பென்சில் அந்தப் பள்ளங்களில் நுணுக்கமாக இறங்கும். மிருதுவானது மேடுகளில் மட்டும் அப்பிக்கொண்டு பொரிபொரியாகத் தெரியும். முதலில் 4பியைப் போட்டுவிட்டு அதன்மேல் 2எச்சை ஓட்டினால் அது கறுப்பை இழுத்துத் தேய்க்குமே ஒழிய புதுக்கோடு போடாது. அதே சமயம் 2எச்சை அழுத்தினால் மேடெல்லாம் நசுங்கி வழவழப்பாகி, பிறகு எந்தப் பென்சிலும் பிடிக்காது. மெல்ல மூன்று அடுக்கு போடுவது, அழுத்தி ஓர் அடுக்கு போடுவதைவிட எப்போதும் நல்லது.

வெள்ளை முடியில் நடக்கும் தப்பு ஒன்றுதான்: வெள்ளைத் தாளில் சாம்பல் கோடுகளால் முடி வரைகிறோம், எனவே சாம்பல் நாய் கிடைக்கிறது. படத்தைச் செல்போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வெள்ளை நாயில் பளிச்சென்ற வெள்ளை கொஞ்சம் இடத்தில்தான் இருக்கும். மீதி எல்லாம் இளஞ்சாம்பலின் பல படிகள். அந்தக் கொஞ்ச இடத்தில் பென்சிலே படக் கூடாது. மீதி இடத்தில் 2எச், எச்.பி. மட்டும். 2பி மிக ஆழமான இடுக்குகளுக்கு. அடுத்தது பின்னணி. வெள்ளை நாயை வெள்ளைத் தாளில் வெறுமனே விட்டால் ஓரத்தைக் காட்ட எல்லைக்கோடு போட்டே ஆக வேண்டியிருக்கும், அங்கேதான் பொம்மை ஆகிறது. அதற்குப் பதில் 2பியைப் படுக்க வைத்து நாயைச் சுற்றி நடுத்தரச் சாம்பல் பின்னணி அடித்துவிட்டு, கூர்ப் பென்சிலால் பின்னணியை வெளியிலிருந்து உள்ளே, முடி நுனிகளுக்கு நடுவே இழுங்கள். முடி வெளியே நீள்வதாகக் கண் படிக்கும். உண்மையில் நாம் போட்டது இருட்டை.

ரப்பரும் இங்கே ஒரு பென்சில்தான். பிசையும் ரப்பரை, அதாவது நீடட் இரேசரை, விரலால் நசுக்கிக் கத்தி மாதிரி தட்டையாக்கி, முடியின் திசையில் ஒற்றி இழுத்தால் வெளிர் கோடு கிடைக்கும். கிடைப்பது மசங்கலான கோடு. அதன் இரண்டு பக்கமும் 2எச்சால் ஒரு மெல்லிய நிழல் கொடுத்தால்தான் முடியாக நிற்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் அது இளகிப் பிசுபிசுக்கும், டப்பாவில் மூடி நிழலில் வையுங்கள். சுவரில் போஸ்டர் ஒட்டும் புட்டியும் இதே வேலையைச் செய்கிறது. சப்பாத்தி மாவு ஆகுமா என்று யாராவது கேட்பார்கள். அதிலுள்ள எண்ணெய் தாளில் ஏறிவிடும், வேண்டாம்.

மீசை முடிக்கு வேறு வழி. பென்சில் படுவதற்கு முன்பே, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் வெறும் தாளில் மீசையை அழுத்தி ஒரே வீச்சில் இழுத்துவிட வேண்டும். பிறகு அதன்மேல் பென்சிலைப் படுக்க வைத்து ஓட்டினால் பள்ளம் வெள்ளையாக நிற்கும். ஒருமுறை அழுத்தியதை மாற்ற முடியாது என்பதால் திசைப்படத்தை வைத்து இடத்தை உறுதிசெய்துகொண்டு இழுங்கள். இந்த வித்தையில் மயங்கி உடம்பு முழுக்கக் கீறிவைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்த படத்தைச் சாய்த்துப் பார்த்தால் தகரத்தில் ஆணியால் கிழித்தது போல இருக்கும். மீசைக்கும் காதோர முடிக்கும் போதும்.

மற்ற விலங்குகளைப் பற்றி அவர் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. நாட்டு மாடு, சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற குட்டைமுடி விலங்குகளில் முடியே வரைய வேண்டாம். எலும்பு, தசை, தோலின் பளபளப்பு, அவ்வளவுதான். சுழி, காதோரம், வால்குஞ்சம் ஆகிய இடங்களில் மட்டும் முடி தெரியட்டும். கறுப்பு ஆட்டில் பளபளப்பு விழும் பட்டையை வெறும் தாளாக விட்டு, இரண்டு பக்கமிருந்தும் கருங்கோடுகளை அதற்குள் இழுத்து நுனி மெலியவிட வேண்டும். அணில் முடியில் ஒவ்வொன்றிலும் வெளிரும் கருமையும் மாறி மாறி வரும், அதனால் நீளக் கோடு அங்கே பொய்யாகத் தெரியும். குட்டைக் கோடுகளை விட்டுவிட்டுப் போட்டால் அந்தப் பொடிப்பொடியான சாம்பல் வரும்.

இதுவரை சொன்னதில் திசை, நீளம், நுனி மெலிவு, ஒட்டுமொத்த நிழல் நான்கிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. இனி வருவது ஓவியர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத விஷயம். முதல் அடுக்கை டிஷ்யூவாலோ பிரஷ்ஷாலோ தேய்த்து மழுக்கலாமா? நிறையப் பேர் செய்கிறார்கள், வேகமாக வேலை நடக்கும். என் கட்சி, பின்னணிக்கும் காதின் உட்புறத்துக்கும் தேய்க்கலாம், முடிக்கு வேண்டாம் என்பது. தேய்த்த கிராஃபைட் தாளின் இடுக்கெல்லாம் நிரப்பிவிடுவதால் அந்த இடத்தில் வெள்ளையை மீட்பது கஷ்டம். வெள்ளை நாய்க்கு வெள்ளைதான் மூலதனம். ஆனால் விரலால் தேய்க்கக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. விரலின் எண்ணெய் தாளில் இறங்கி, பிறகு அடிக்கும் பென்சில் அந்த இடத்தில் மட்டும் கறுத்துக் காட்டும். கறுப்புக்கு கிராஃபைட் போதாமல் கரிப்பென்சிலைச் சேர்க்கலாமா என்பதும் அப்படியே. சேர்க்கலாம், கிராஃபைட்டின் மினுமினுப்பு அதில் இருக்காது. ஆனால் கரியை வெறும் தாளில் முதலில் போட வேண்டும். பளபளத்த 6பி மேல் கரி வழுக்கிக்கொண்டு போகும். பொமரேனியனுக்கு மூக்கும் கண்மணியும் தவிர இது தேவைப்படாது.

தாளும் மழையும். ஜெராக்ஸ் கடைத் தாளில் வரைகிறீர்கள் என்றால் முதலில் அதை விடுங்கள். 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் மூன்றாவது அடுக்கிலேயே பஞ்சு கிளம்பிவிடும். ஐவரி ஷீட்டோ, கிடைத்தால் பிரிஸ்டலோ, 200 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் வழவழப்பானதாக வாங்குங்கள். கார்ட்ரிட்ஜ் ஷீட் பரவாயில்லை, சொரசொரப்புக் குறைந்த பக்கத்தைத் தடவிப் பார்த்து எடுங்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் பார்க்க அழகு, பருத்தித் துணிக்கழிவில் செய்வது, வண்ணத்துக்கும் பேஸ்டலுக்கும் அருமை. ஆனால் அந்தச் சொரசொரப்பில் 0.2 மில்லிமீட்டர் முடி நிற்காது, அது கோட்டை உடைத்துவிடும். கிடாவுக்கோ கரடிக்கோ வேண்டுமானால் அந்தச் சொரசொரப்பே பலம்.

ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை ஊர்களில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தாள் குடிக்கிறது. நார் ஊறி மென்மையாகிவிடுவதால் 2எச் கோடு போடாமல் பள்ளம் தோண்டுகிறது, 4பி திட்டாக ஒட்டுகிறது. பென்சிலை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. தாள்களைப் பாலிதீன் உறையில், செருப்புப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு மட்டமாக வையுங்கள். வரையும் தாளைப் பலகையில் நான்கு ஓரமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நமத்திருந்தால் இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில், வெறும் தாளின் பின்பக்கம், நடுவில் ஒரு துணி போட்டு ஓட்டினால் ஓரளவு சரியாகும்; வரைந்த தாளில் இதைச் செய்யாதீர்கள். கை வியர்க்கும், அதனால் உள்ளங்கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள். அதை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். வலக்கைக்காரர் என்றால் மேல் இடமூலையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள்.

படம் முடிந்து ஃபிக்ஸேட்டிவ், அதாவது கிராஃபைட் கலையாமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே, அடிக்க நினைத்தால் மழை நாளில் அடிக்காதீர்கள், வெண்படலம் படியலாம். வெயில் அடிக்கும் நாளில், நிழலில், ஒரு முழத் தூரத்திலிருந்து மெல்ல இரண்டு முறை. முதலில் பயிற்சிச் சதுரத்தில் அடித்துப் பாருங்கள், கிராஃபைட் கொஞ்சம் கறுத்துக் காட்டலாம், வெள்ளை நாய்க்கு அது வித்தியாசம் தெரியும். அடித்த பிறகு அழித்துத் திருத்துவது பெரும்பாலும் நடக்காது. ஹேர் ஸ்ப்ரே மலிவு என்று சிலர் அதை அடிக்கிறார்கள். தாளுக்கென்று செய்யப்பட்டதல்ல, நாளடைவில் மஞ்சளாகும் ஆபத்து உண்டு. கண்ணாடிச் சட்டம் போடுவதானால் தாளும் கண்ணாடியும் ஒட்டாதபடி நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் புகைப்படம். பாதிக் குற்றம் அங்கேயே இருக்கலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் இடுக்கில் இருக்கும் நிழல் எல்லாம் செத்துவிடும். அதிலிருந்து யாராலும் முடி வரைய முடியாது. காலை ஏழரை மணி வெயில் சாய்வாக வரும் ஜன்னலோரத்தில் நாயை உட்காரவைத்து, ஒரு பக்க வெளிச்சத்தில் எடுங்கள். முகம் திரையை நிரப்பட்டும், அழகுபடுத்தும் வசதிகள் எல்லாம் அணைந்திருக்கட்டும், ஏனென்றால் அவை முடியை மழுக்கிவிடும். ஏ4 அளவு முகத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உட்காரலில் முடிக்கப் பார்த்தால் அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கோலம்தான். கண், மூக்கு முதலில். பிறகு ஒரு நாளைக்கு ஒரு பகுதி. அடுத்த முறை கேட்கும்போது வரைந்த படத்தையும் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் தப்பு கையிலா, வெளிச்சத்திலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.